குடல் தனிச்சொத்தல்ல

பொரளைச் சந்தியில் நின்று நாலாபுறமும் கொஞ்சம் நடந்தால் ஒரு மனிதனின் முழு ஆயுளும் வந்துவிடும். காசல் மகளிர் வைத்தியசாலையில் பிறக்கலாம். லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் காய்ச்சலுக்குப் படுக்கலாம். இங்கிலிஷ் மருந்து அலுத்துப்போனால் ஆயுர்வேத தேசிய வைத்தியசாலை இருக்கிறது. கடைசியில் கனத்தை மயானம். இடையில் தெருவோரமெல்லாம் பாமசிகள். மாலையில் அவற்றின் முன்னே கூடும் கூட்டத்தில் சிங்களமும் தமிழும் கலந்து கேட்கும். வேலை முடிந்து வருகிறவர்கள், பிள்ளைக்குச் சளி என்று ஓடிவந்த தாய்மார், "போன முறை தந்த அந்தக் குளிசையையே தாங்கோ" என்று கேட்கிறவர்கள். பலரின் கையில் மருந்துச்சீட்டு இருக்காது. கேட்டது கிடைத்துவிடும்.

அங்கிருந்து எட்டிப்பார்க்கும் தூரத்தில், டானிஸ்டர் டி சில்வா மாவத்தையில், மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. என்றால் கொழும்பில் எல்லோருக்கும் தெரியும். 1900இல் பற்றீரியாவியல் நிறுவனமாகத் தொடங்கப்பட்டது அது. 1903இல் கொழும்புக்கு வந்த அல்டோ கஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர் இங்கே இருந்துதான், கிராமங்களில் பறங்கிப் புண் என்று அழைக்கப்பட்ட நோயின் கிருமியை 1905இல் கண்டுபிடித்தார். அன்றைய கணக்கு எளிமையானது: கிருமி பகை, அதைக் கண்டுபிடி, ஒழி. அந்தக் கணக்கு பலன் தரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1940களின் நடுவில் இலங்கையில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 140 அளவில் ஒரு வயதைக் காணாமலே போயின. இன்று அந்த எண் பத்துக்கும் கீழே. தடுப்பூசி, சுத்தமான தண்ணீர், குடும்ப நலத் தாதியின் வீட்டு வருகை, அன்டிபயோட்டிக் எல்லாம் சேர்ந்து வென்ற வெற்றி அது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பகுதி விடுபட்டிருந்தது. நம்மோடு வாழும் கிருமிகளில் பெரும்பாலானவை பகை இல்லை. அவை இல்லாமல் நம் நோய் எதிர்ப்பு ஆற்றல் முழுதாக வளர்வதுகூட இல்லை. கடந்த இருபது ஆண்டுகளில் இது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகியிருக்கிறது. பொதுமக்கள் பேச்சுக்குள் அது இன்னும் சரியாக வரவில்லை. வந்த இடத்தில் விளம்பரமாக வந்திருக்கிறது.

முதலில் அளவைச் சொல்லிவிடுவோம். 2016இல் செய்யப்பட்ட திருத்தமான மதிப்பீட்டின்படி வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் இருக்கின்றன. உடலின் சொந்தக் கலங்கள் 30 இலட்சம் கோடி. ஒன்றுக்குப் பத்து என்று பழைய புத்தகங்களில் இருப்பது பிழை. அத்தனையையும் சேர்த்து நிறுத்தால் இருநூறு கிராம் தேறும். பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. அங்கே குடற்சுவரின் மறுபக்கத்தில்தான் உடலின் எதிர்ப்புக் கலங்களின் பெரியதொரு முகாமும் இருக்கிறது. நடுவில் ஒற்றை அடுக்குக் கலங்களும் கொஞ்சம் சளிப்படலமும், அவ்வளவுதான்.

இவ்வளவு நெருக்கத்தில் இரு தரப்பும் ஒன்றையொன்று கவனிக்காமல் இருக்க முடியாது. கிருமியே படாமல் ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் எலிகளைப் பார்த்தால் இது விளங்கும். அவற்றின் குடற்சுவரில் உள்ள நிணநீர்த் திட்டுகள் சிறுத்துக் கிடக்கும். குடலில் சுரக்க வேண்டிய ஐ.ஜி.ஏ. என்ற பிறபொருளெதிரி மிகக் குறைவாக இருக்கும். பற்றீரியாக்களைக் கொடுத்தால் நிலைமை மாறத் தொடங்கும். எந்தப் பற்றீரியாவைக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். குடற்சுவரில் ஒட்டிக்கொள்ளும் ஒரு நூல் வடிவப் பற்றீரியா, அழற்சியைத் தூண்டும் ஒருவகை எதிர்ப்புக் கலங்களைப் பெருக்குகிறது என்று 2009இல் காட்டினார்கள். அதற்கு மறுதலையாக, ஜப்பானியரான கென்யா ஹொண்டாவின் குழு 2013இல் மனித மலத்திலிருந்து 17 பற்றீரியா வகைகளைப் பிரித்தெடுத்து எலிகளுக்குக் கொடுத்தபோது, அழற்சியை அடக்கும் ஒழுங்காற்றுக் கலங்கள் பெருகின. அதே ஆண்டில் வேறு ஆய்வுகள் இதன் ஒரு வழியையும் கண்டன. நாம் தின்னும் நார்ச்சத்தைச் சில பற்றீரியாக்கள் நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற சிறு அமிலத்தை உண்டாக்குகின்றன; அந்த அமிலம் ஒழுங்காற்றுக் கலங்கள் உருவாக உதவுகிறது.

புதிதாகச் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்ட சிப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். யார் ஊர்க்காரர், யார் ஆபத்தானவர் என்று பழகி அறியாதவன் எல்லோரையும் இறக்கிச் சோதிப்பான், பயத்தில் துவக்கையும் நீட்டுவான். கொழும்பில் வாழ்ந்த தமிழருக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை. பழகாத எதிர்ப்பு ஆற்றல் அப்படித்தான் கச்சானைக் கண்டும், வீட்டுத் தூசியைக் கண்டும், சில வேளைகளில் சொந்தக் குடற்சுவரைக் கண்டும் சுடுகிறது. ஒவ்வாமை, முட்டு வருத்தம், முதலாம் வகை நீரிழிவு, குடல் அழற்சி நோய்கள் ஆகியவற்றில் குடல் நுண்ணுயிர்களின் பங்கு எவ்வளவு என்பது நோய்க்கு நோய் வேறுபடுகிறது. பரம்பரை இருக்கிறது, சூழல் இருக்கிறது, எலியில் கண்டதெல்லாம் மனிதனில் நடப்பதில்லை. ஆனாலும் பங்கு இருக்கிறது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

நம்மவர்களிடமே இதற்கு ஒரு தடயம் உண்டு. நூறாயிரக்கணக்கான இலங்கைத் தமிழர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் குடியேறியவர்களின் சுகாதாரப் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தெற்காசியாவிலிருந்து போனவர்களுக்குக் குரோன் நோயும் புண்ணுடைய பெருங்குடல் அழற்சியும் உள்ளூர் மக்களைவிடக் குறைவு. சிறு வயதில் போனவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு குறைந்துகொண்டே போகிறது. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு ஆபத்து கனேடியப் பிள்ளைகளின் அளவுக்கு வந்துவிடுகிறது. பரம்பரை அலகு ஒரு தலைமுறையில் மாறாது. மாறியது சாப்பாடும் சூழலும், அவற்றோடு சேர்ந்து குடலில் குடியிருப்பவையும். தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஹ்மோங், கரென் மக்களிடம் 2018இல் நேரடியாகவே இதைப் பார்த்தார்கள். போன சில மாதங்களிலேயே ஊரில் இருந்த நுண்ணுயிர் வகைகள் குறையத் தொடங்குகின்றன. அடுத்த தலைமுறையில் இன்னும் குறைகின்றன.

இதைப் படித்துவிட்டு "அது வெளிநாட்டுப் பிரச்சினை" என்று வெள்ளவத்தையில் யாராவது நினைத்தால் அது தவறு. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் எடுத்த கணக்கெடுப்பு 2010இல் வெளியானது. புண்ணுடைய பெருங்குடல் அழற்சி ஒரு இலட்சம் பேரில் 5.3 பேருக்கு, குரோன் நோய் 1.2 பேருக்கு. மேற்கு நாடுகளோடு ஒப்பிட்டால் சிறிய எண்தான். ஆனால் ஆசிய நகரங்கள் பலவற்றிலும் இந்த எண் ஏறுகிறது, ஏறாமல் இருக்கக் கொழும்புக்குத் தனிக் காரணம் எதுவும் இல்லை.  

இனி நாம் வலியுறுத்த விரும்பும் விடயத்துக்கு வருவோம். குடல் நலத்தைப் பற்றிய பேச்செல்லாம் இப்போது தனிமனிதப் பேச்சாகவே நடக்கிறது. நீங்கள் என்ன சாப்பிட வேண்டும், எந்தப் போத்தலை வாங்க வேண்டும், காலையில் எதைக் கரைத்துக் குடிக்க வேண்டும். ஆனால் குடலில் இருப்பவை யாருடைய தனிச்சொத்தும் இல்லை. இத்தாலியின் திரெந்தோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 20 நாடுகளிலிருந்து 9,000க்கும் மேற்பட்ட மாதிரிகளை ஒப்பிட்டு 2023இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணாகவே காட்டியது. முதல் வயதில் குழந்தையின் குடல் பற்றீரியா வகைகளில் பாதியளவு தாயினுடையவை. ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள், உறவோ இல்லையோ, 12 வீதமளவைப் பகிர்கிறார்கள். ஒரே ஊரில் வேறு வேறு வீட்டில் இருப்பவர்களும் 8 வீதமளவைப் பகிர்கிறார்கள். ஒரே தண்ணீர், ஒரே சாப்பாட்டுக் கடை, ஒரே பள்ளிக்கூடம்.

கொழும்பில் இந்தப் பகிர்வு இன்னும் நெருக்கமானது. தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் இன்றும் பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை. நகரத்தின் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்களில் பெரும்பகுதி நூறாண்டு பழையது. அவை சுமந்து வருவது தெற்கே வெள்ளவத்தையிலும் வடக்கே கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரத்திலும் கடலுக்குள் இறங்குகிறது. மழை பலத்தால் நடுவழியிலேயே வெளிவருவதும் உண்டு. மாடி வீட்டில் குடிதண்ணீரைக் கொதிக்கவைத்து வடிகட்டி அருந்துகிறவர் தெருவில் வாங்கிய அன்னாசியைக் கழுவிய தண்ணீர் எதுவென்று கேட்பதில்லை.

இப்போது அந்தப் பாமசிக்குத் திரும்புவோம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை வந்தது. மருந்துச்சீட்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக் கூடாது என்பது விதி. நோயாளிபோல் நடிக்க ஆட்களை அனுப்பி இலங்கைப் பாமசிகளில் செய்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. போன இடங்களில் பாதிக்கும் மேற்பட்டவை சீட்டில்லாமலே கொடுத்தன. கேட்டு வாங்குகிறவர் யாரையும் ஏமாற்றவில்லை, கொடுக்கிறவரும் தீயவர் இல்லை. ஒருவருக்கு நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும், மற்றவருக்கு வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடக் கூடாது. சளிக் காய்ச்சலில் பெரும்பகுதி வைரஸால் வருவது, அன்டிபயோட்டிக்குக்கு அதில் வேலையில்லை என்பது இருவருக்கும் அரைகுறையாகத் தெரியும்.

அந்த ஐந்து நாள் குளிசை குடலுக்குள் என்ன செய்கிறது? டென்மார்க்கில் ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு வலுவான மூன்று அன்டிபயோட்டிக்குகளை நான்கு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றரை மாதத்தில் நிலைமை பெரும்பாலும் மீண்டது. ஆனால் எல்லோரிடமும் முன்பு இருந்த ஒன்பது வகைகள் ஆறு மாதம் கழித்தும் பெரும்பாலானவர்களிடம் திரும்பவில்லை. வளர்ந்தவர்களுக்கு இது பொறுத்துப்போகக் கூடியது. குடலில் நல்ல பற்றீரியா இப்போதுதான் குடியேறிக்கொண்டிருக்கும் ஒரு வயதுப் பிள்ளைக்கு, ஒவ்வொரு சளிக்கும் ஒரு போத்தல் பாணி மருந்து என்று வருடத்தில் நாலைந்து முறை கொடுத்தால்?

காலி இடத்தில் சில வேளை வேறொன்று வந்து உட்காரும். குளொஸ்ட்ரிடியோயிடீஸ் டிஃபிசில் என்ற பற்றீரியா அன்டிபயோட்டிக்குக்குப் பின் குடலைப் பிடித்துக்கொண்டு தீராத வயிற்றோட்டம் கொடுக்கும். மருந்துக்கு அடங்காத இந்த நோய்க்கு 2013இல் நெதர்லாந்தில் செய்த சிகிச்சை மருத்துவ உலகையே நிமிர்ந்து பார்க்கவைத்தது. ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்துக் குழாய் வழியே நோயாளியின் குடலுக்குள் விட்டார்கள். 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே குணமடைந்தார்கள். வழக்கமான மருந்து பெற்றவர்களில் 13 பேரில் நால்வர்தான். அருவருப்புப் படுகிறவர்கள் படலாம். அமெரிக்கா 2022இலும் 2023இலும் இதன் இரண்டு வடிவங்களை மருந்தாகவே அங்கீகரித்துவிட்டது. ஒருவரின் குடல் இன்னொருவரின் மருந்தாகிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டாம்.

ஒருவரின் குடல் இன்னொருவரின் ஆபத்தும் ஆகலாம். நெதர்லாந்திலிருந்து உலகெங்கும் பயணம் போன 2,001 பேரின் மலத்தைப் போகும் முன்னும் வந்த பின்னும் சோதித்தார்கள். தெற்காசியாவுக்கு வந்துபோனவர்களில் நான்கில் மூன்று பேர், பல அன்டிபயோட்டிக்குகளுக்கு அடங்காத பற்றீரியாவைக் குடலில் ஏந்திக்கொண்டு வீடு திரும்பியிருந்தார்கள். உலகிலேயே மிக அதிக விகிதம் நம் பகுதியில். பெரும்பாலானவர்களுக்கு நோய் எதுவும் வரவில்லை, சில மாதங்களில் அது மறைந்தும் போனது. ஆனால் ஓர் இரு வாரச் சுற்றுலாப் பயணிக்குத் தொற்றும் அளவுக்கு அது நம் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பரவியிருக்கிறது என்றால், இங்கேயே வாழ்கிற நம் குடல்களில் எவ்வளவு இருக்கும்? சத்திர சிகிச்சைக்குப் பின் தொற்று வந்து, ஒவ்வொரு மருந்தாக மாற்றிப் பார்த்துக் கைவிரித்த வைத்தியரின் முன் நின்றிருக்கிற குடும்பங்களுக்கு அந்த விடை தெரியும். தனக்கென்று ஒரு குளிசை போட்டுக்கொள்வதாக நினைக்கிறவர் அடுத்த வீட்டுக்காரருக்கும் சேர்த்தே போடுகிறார்.

கிருமியைக் கொன்றால் எதிர்ப்பு ஆற்றல் கூடும் என்ற நம்பிக்கையை வேலூரில் நேராகவே சோதித்தார்கள். ஏழை நாடுகளில் வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து சில குழந்தைகளிடம் சரியாக வேலை செய்வதில்லை. குடலில் உள்ள நோய்க்கிருமிகள் காரணமாக இருக்கலாம் என்று கருதி, கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் சொட்டு மருந்துக்கு முன் குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வந்தது. குடலில் நோய்க்கிருமிகள் குறைந்தன. தடுப்பு மருந்தின் பலன் கூடவில்லை.

மாறாக, எல்லோரும் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்து வென்றதும் நம் நாட்டில்தான் நடந்தது. தாய்ப்பாலில் கொழுப்புக்கும் பாற்சர்க்கரைக்கும் அடுத்து அதிகம் இருப்பது ஒருவகைச் சங்கிலிச் சர்க்கரைகள். குழந்தையால் அவற்றைச் செரிக்க முடியாது. பிஃபிடோபற்றீரியா என்ற நல்ல பற்றீரியாவுக்கான உணவு அவை. அறிவியல் இதை முழுதாக விளக்குவதற்கு முன்பே, 1983இல், பால்மா விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் விதிக்கோவையை இலங்கை கொண்டுவந்தது. குடும்ப நலத் தாதிகள் வீடு வீடாகப் போனார்கள். பிரசவ விடுமுறை கிடைத்தது. பாட்டிமாரும் ஒத்துழைத்தார்கள். 2016இன் குடித்தொகைச் சுகாதார அளவீட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டுமே பெற்றன. உலகில் மிகச் சில நாடுகளே எட்டிய அளவு இது. சட்டமும் சம்பளமும் பக்கத்து வீட்டு அபிப்பிராயமும் ஒரே திசையில் தள்ளினால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேடத் தேவையில்லை.

சத்திர சிகிச்சைப் பிரசவத்தில் இந்த ஒற்றுமை இல்லை. அதே அளவீட்டில் மூன்றில் ஒரு பிரசவம் அப்படி நடந்திருக்கிறது. பிரித்தானியாவில் ஏறத்தாழ 600 குழந்தைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டதில், வயிற்றைக் கீறிப் பிறந்த குழந்தைகளின் குடலில் தாயிடமிருந்து வர வேண்டிய பற்றீரியா குறைந்து, வைத்தியசாலையில் திரியும் வகைகள் கூடியிருந்தன. மாதங்கள் போகப் போக வேறுபாடு சுருங்குகிறது. இதை வைத்து எந்தத் தாயையும் குற்றவாளியாக்குவது அநியாயம். கத்தி வைத்ததால்தான் உயிரோடிருக்கும் தாய்மாரும் பிள்ளைகளும் நம் எல்லோர் குடும்பத்திலும் உண்டு. நல்ல நேரம் பார்த்துத் தேதி குறிக்கிற சாத்திரியாரும், அதற்கு இணங்குகிற தனியார் மருத்துவமனையும் மட்டும் கொஞ்சம் யோசிக்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றி எழுதாவிட்டால் வாசகர் விடமாட்டார்கள். தமிழருக்குப் பழஞ்சோறு, சிங்களவருக்குத் தியபத், முஸ்லிம்களுக்கு நோன்புக் கஞ்சி, எல்லோருக்கும் காலையில் இலைக்கஞ்சி, சட்டித் தயிர். எங்கள் பாட்டிக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று வட்ஸ்அப்பில் ஓடும் கதையை நாம் இங்கே தொடரப்போவதில்லை. தோசையும் அப்பமும் புளிக்கவைத்த மாவில் செய்வதுதான், ஆனால் சூட்டில் பற்றீரியா செத்துவிடும். பழஞ்சோற்றில் உயிருள்ளவை இருக்கும். அசுத்தமான தண்ணீரை ஊற்றியிருந்தால் வேண்டாதவையும் இருக்கும். அமெரிக்காவில் 36 பேரைக் கொண்டு செய்த சிறிய ஆய்வு 2021இல் வந்தது. பத்து வாரம் தயிர் போன்ற புளித்த உணவுகளைத் தாராளமாகச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் பற்றீரியா வகைகள் கூடின, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்தை மட்டும் கூட்டியவர்களுக்கு அந்தக் காலத்துக்குள் வகைகள் கூடவில்லை. இரண்டும் வேண்டும் என்பதே பலரின் கணிப்பு. குரக்கனும் பயறும் கீரையும் தவிட்டோடு கூடிய சிவப்பரிசியும் நமக்குப் புதிதல்ல. பாணும் பணிஸும் சோடாவும் அவற்றைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கின்றன, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை உட்பட. 2016 ஓகஸ்டிலிருந்து குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் இருக்கிறது. பார்த்து வாங்குகிறவர் எத்தனை பேர்?

இதைவிட ஆழமாகப் போன வேலை வங்காளதேசத்தில் நடந்தது. டாக்காவின் மிர்பூர் குடிசைப் பகுதியில் எடை குறைந்த பிள்ளைகளுக்குக் கடலை மா, சோயா மா, கச்சான் மா, வாழைக்காய் கலந்த ஓர் உணவைக் கொடுத்தார்கள். குறிப்பிட்ட குடல் பற்றீரியாக்களை வளர்ப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த கலவை அது. வழக்கமான சத்துணவில் கலோரி கூடுதலாக இருந்தும், இந்த உணவு பெற்ற பிள்ளைகளே நன்றாக வளர்ந்தார்கள். 2021இல் வெளியான இந்த முடிவு, திரிபோஷ என்ற சத்துமாப் பொதி கொடுக்கும் நாட்டில் பெரிய செய்தியாகியிருக்க வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இங்கும் பிள்ளைகள் மெலிந்தார்கள். அந்தக் கலவையில் நம்மூர்ச் சந்தையில் கிடைக்காத பொருள் ஒன்றும் இல்லை. எம்.ஆர்.ஐ.யில் போசாக்குப் பிரிவும் இருக்கிறது. நம் பிள்ளைகளின் குடலுக்கு எது பொருந்தும் என்று சோதிக்க அதற்குப் பணமும் ஆளும் கொடுக்க வேண்டியது அரசு.

போத்தலிலும் பொதியிலும் வரும் "நல்ல பற்றீரியா" வியாபாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒடிசாவின் கிராமங்களில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், தேர்ந்த ஒரு பற்றீரியாவையும் அதற்கான சர்க்கரையையும் ஏழு நாள் கொடுத்ததில் இரத்தத் தொற்றும் மரணமும் சேர்ந்து 40 வீதம் குறைந்தன. 2017இல் வெளியான அந்த முடிவு உண்மையிலேயே பெரியது. அதே பெயரில் கடையில் விற்பதெல்லாம் அந்த வேலையைச் செய்யும் என்று அர்த்தமில்லை. 2018இல் இஸ்ரேலில் ஒரு சிறு ஆய்வில், அன்டிபயோட்டிக்குக்குப் பின் இத்தகைய கலவையைக் குடித்தவர்களுக்குச் சொந்தப் பற்றீரியாக்கள் திரும்பி வரவே தாமதமானது. குறைமாதக் குழந்தைகளுக்கு இவற்றைக் கொடுப்பது உயிராபத்தாகலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2023இல் எச்சரித்தது. ஆகவே வைத்தியரைக் கேட்காமல் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் வைத்து, அழுக்கு நல்லது, கை கழுவத் தேவையில்லை என்று யாரும் புறப்பட்டுவிடக் கூடாது. நமக்கு வேண்டிய பழைய கூட்டாளிகள் மண்ணிலும் தாயிடமும் உறவுகளிடமும் இருப்பவை. வயிற்றோட்டக் கிருமி அல்ல. பின்லாந்தில் சில முன்பள்ளிகளின் கல் பாவிய முற்றத்தில் காட்டு மண்ணும் புல்லும் கொண்டுவந்து போட்டு, பிள்ளைகளை 28 நாள் விளையாடவிட்டார்கள். தோலிலும் குடலிலும் பற்றீரியா மாறியது, எதிர்ப்பு ஆற்றலை ஒழுங்குபடுத்தும் குறிகள் கூடின. நம் முன்பள்ளிகளில் எத்தனைக்கு மண் முற்றம் இருக்கிறது? வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளுக்குக் கீழே வாகனத் தரிப்பிடம்தான். பொரளைக்குக் கெம்பல் பூங்கா இருக்கிறது. அதைக் கொங்கிரீட்டுக்குப் பறிகொடுக்காமல் வைத்திருப்பதும் சுகாதார வேலைதான்.

யார் எதைச் செய்வது என்ற கேள்விக்கு, மற்றவர் தொடங்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. பாமசிக்காரர்கள் தனித்தனியே மறுத்தால் வாடிக்கையாளரை இழப்பார்கள். சந்தியில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் மறுத்தால் யாரும் இழக்கமாட்டார்கள். இதைப் பேசி முடிவெடுக்க அவர்களின் சங்கங்களுக்கு ஒரு மாலை போதும். அதிகாரசபை சோதனைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வைத்தியர்கள், அன்டிபயோட்டிக் எழுதாமல் அனுப்பினால் நோயாளி வேறிடம் போவார் என்று அஞ்சுவதை விட்டு, ஏன் எழுதவில்லை என்று நோயாளியின் மொழியில் விளக்க வேண்டும். நம்மில் பலர் அந்த விளக்கத்தைத் தமிழில் கேட்டதே இல்லை. மாநகர சபை பழைய குழாய்களையும் தோட்டங்களின் கழிப்பறைகளையும் வீதிக்குக் கார்ப்பெட் போடுவதற்கு முன் வைக்க வேண்டும். கோழிப் பண்ணைக்காரரும் இந்தக் கூட்டில் இருக்கிறார். தீவனத்தில் கலக்கும் அன்டிபயோட்டிக்கும் இதே தண்ணீருக்குத்தான் வருகிறது. கோயிலும் பன்சலையும் பள்ளிவாசலும் தேவாலயமும்கூட ஒரே குரலில் இதைப் பேசலாம்.

வாசகரிடம் நாம் கேட்பது சிறியது. அடுத்த முறை காய்ச்சலுக்கு மருந்து எடுக்கப் போகும்போது, வைத்தியரிடம் "இது பற்றீரியாவா, வைரஸா? அன்டிபயோட்டிக் கட்டாயம் வேண்டுமா?" என்று கேளுங்கள். வேண்டும் என்று அவர் சொன்னால் சொன்னபடி முழுவதும் குடியுங்கள். வேண்டாம் என்றால், பாமசியில் போய்க் கேட்காதீர்கள். அலுமாரியில் மிஞ்சிக் கிடக்கும் பழைய குளிசைகளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.